விளக்கு வைக்கிற நேரத்தில் வரும் போன்

அக்டோபர் 27

போன தைக்குக் கம்பெனியில் கொடுத்த டைரி. இத்தனை நாளும் அரிசி டப்பாவின் மேல் கிடந்தது. இன்றைக்குத்தான் தூசி தட்டி எடுத்தேன்.

எனக்கு மறதி என்பது கிடையாது. மற்றவர்களுக்கு இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். நாளைக்கு ‘நான் எப்ப அப்படிச் சொன்னேன்?’ என்று யாராவது வந்து நின்றால் பக்கத்தைத் திருப்பிக் காட்டலாம். ஐந்தாவது வரைக்கும் படித்த படிப்பு இதற்காவது உதவட்டும்.

தீபாவளி லீவு முடிந்து இன்று கம்பெனிக்குப் போனேன். கேட்டிலேயே நிறுத்தி, மேனேஜர் வருவார் என்றார்கள். வந்தார். “நாச்சம்மா, இனி பிசிறு வெட்டறதுக்கு எளவட்டமாப் பாக்கறோம். நீங்க ஊட்ல ரெஸ்ட் எடுங்க” என்றார். பனியனில் தொங்குகிற நூல்முனையை வெட்டிவிட எளவட்டம் எதற்கு? கண்ணும் கத்தரிக்கோலும் போதாதா? இந்த மேனேஜர் மகள் காதுகுத்துக்கு வெள்ளிக் கொலுசு வைத்தவள் நான். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சாயங்காலம் ஓசூரிலிருந்து பையன் தனசேகரன் கூப்பிட்டான். விஷயத்தைச் சொன்னேன். “நல்லதாப் போச்சும்மா. தை பொறந்ததும் ஊட்டக் காலி பண்ணிட்டு இங்க வந்துருங்க” என்றான். பையன் நல்லவன்தான். மருமகளும் குறை சொல்கிற மாதிரி இல்லை. ஆனால் அந்த ஓசூர் மாடி வீட்டில் காலையில் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார்கள். திருப்பூரில் எனக்கு வேண்டாதவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அங்கே ஒருத்தர்கூடக் கிடையாது.

“தைக்குள்ள எனக்கு வேற வேலை கெடச்சுட்டா?” என்று கேட்டேன்.

சிரித்தான். “கெடச்சா இருந்துக்கங்க. கெடைக்கலீன்னா பேச்சு மாறக் கூடாது.”

மாற மாட்டேன். எழுதியாயிற்று.

அக்டோபர் 29

பழைய ரேஷன் கடை மாடியில் வேலை வழிகாட்டி மையம் என்று ஒன்று திறந்திருக்கிறார்கள். சென்னை அறக்கட்டளைக்காரர்கள் நடத்துகிறார்களாம். பக்கத்து வீட்டு ருக்குமணியும் நானும் போனோம். அவளையும் தீபாவளியோடு நிறுத்திவிட்டார்கள்.

மேலே போனால் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள் கோகிலவாணி. பழனாத்தாள் மகள்.

அப்படியே திரும்பியிருப்பேன். முட்டி வலியோடு அவ்வளவு படி ஏறியதை நினைத்து உட்கார்ந்தேன்.

பழனாத்தாளைப் பற்றி எழுத வேண்டும். முப்பத்தெட்டு வருஷம் ஆயிற்று. ஐப்பசி மழை. இதே லைன் வீட்டில் நான் மூன்றாவது, அவள் கடைசி. என் வீட்டுக்காரரும் அவள் வீட்டுக்காரரும் ஒரே மில். தனசேகரன் கைப்பிள்ளை, காய்ச்சல் வேறு. விளக்கு வைக்கிற நேரத்தில் என் வீட்டில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு டம்ளருடன் அவள் வாசலில் போய் நின்றேன். நேருக்கு நேர் என் முகத்தைப் பார்த்து “இல்லை” என்றாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் யாராவது அந்தச் சொல்லைச் சொல்வார்களா? உப்பு தீர்ந்தால் ‘வாங்கோணும்’ என்போம். அரிசி தீர்ந்தால் ‘நெறஞ்சிருக்குது’ என்போம். பெற்றவள் அவளுக்கு இதைக்கூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. விளக்குக்கூடப் பொருத்தாமல் இருட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அப்படி ஒரு சோம்பல். அவள் வீட்டுக்காரரை அதற்கு முந்தின மாசமே மில்லில் நிறுத்தியிருந்தார்கள். தன் வீட்டுத் தரித்திரத்தை அந்த ஒரு சொல்லில் கட்டி என் டம்ளரில் போட்டு அனுப்பிவிட்டாள். ஒரே வாரத்தில் மில்லையே மூடிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் அதற்கப்புறம் தலை நிமிரவே இல்லை.

அன்றிலிருந்து அவளோடு பேச்சு கிடையாது. அவளும் இதே தெருவில்தான் இன்னும் இருக்கிறாள். இப்போது கண் சரியாகத் தெரியவில்லையாம்.

அவள் மகள் என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்க பெரிம்மா” என்றாள். “வணக்கமுங்க மேடம்” என்றேன் நான். ருக்குமணி என் தொடையில் கிள்ளினாள்.

என்ன வேலை தெரியும், எத்தனை மாடி ஏற முடியும், ராத்திரி ஷிஃப்ட் ஆகுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். முட்டி வலி என்று நான் சொல்லவே இல்லை; உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்துகொண்டு, கீழ்த்தள வேலையாக இருக்கட்டும் என்று கம்ப்யூட்டரில் போட்டாள். இனி ‘தோழி’ தினமும் போனில் பேசும் என்றாள். தோழி என்றால் ஆளில்லையாம், மெஷினாம்.

நவம்பர் 3

தோழி பேசினாள். சாயங்காலம் ஆறேகாலுக்கு. வேலை தேடுகிறவர்கள் எல்லாரும் அந்நேரத்துக்குத்தான் வீட்டில் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்களாம்.

“வணக்கம் நாச்சம்மாள் அவர்களே” என்றாள். முழுப் பெயரையும் சொல்லி, அவர்களே என்று மரியாதையும் கொடுத்து என்னை யாரும் கூப்பிட்டதில்லை. நல்ல குரல். அவசரமே கிடையாது. அம்மா யார், அப்பன் யார், எந்தத் தெரு என்று ஒன்றும் கேட்கவில்லை. பழனாத்தாள் மகளிடம் போய் நிற்பதற்கு இது எவ்வளவோ மேல்.

நவம்பர் 8

தோழி தினமும் இரண்டு மூன்று வேலை சொல்கிறாள், மெசேஜும் அனுப்புகிறாள். பேக்கிங், பதினெட்டிலிருந்து நாற்பதுக்குள். செக்கிங், முப்பத்தைந்துக்குள். மசாலா கம்பெனி, நாற்பதுக்குள். எனக்கு அறுபத்து மூன்று என்று அவளிடம் முதல் நாளே சொன்னேன். மனசில் வாங்கவில்லை போல.

தண்ணீர் வந்தது. எல்லாக் குடத்தையும் நிரப்பினேன். கொள்ளுப் பருப்பு கடைந்தேன்.

ஆறு மணிக்கு முகம் கழுவி, வேறு சேலை மாற்றி, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சும்மாதான்.

நவம்பர் 11

இப்போது தோழி வேறு மாதிரிக் கேட்கிறாள். “உங்களுக்கு வேலை கிடைத்துவிட்டதா? கிடைத்துவிட்டது என்றால் ஒன்றை அழுத்தவும். இல்லை என்றால் இரண்டை அழுத்தவும்.”

நான் அப்போதுதான் சாமி மாடத்தில் விளக்கைப் பொருத்தித் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தேன். இரண்டை எப்படி அழுத்துவது? வாயால் சொன்னால் என்ன, விரலால் சொன்னால் என்ன, இல்லை என்றால் இல்லைதான். பேசாமல் இருந்தேன். மறுபடியும் கேட்டாள். வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டாள். அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

நவம்பர் 14

வெள்ளிக்கிழமை. விளக்கு எரிகிறது, ஊதுபத்தி புகைகிறது. போன் அடிக்கிறது. எடுக்காமல் விட்டால் அடித்துக்கொண்டே இருக்கும். எடுத்தேன்.

நல்ல நேரத்தில் நல்ல வார்த்தை வந்தால் பலிக்கும் என்று ஒன்றை அழுத்திவிட்டேன்.

“வாழ்த்துகள் நாச்சம்மாள் அவர்களே!” என்றாள். பின்னால் ஏதோ மேளச் சத்தம் மாதிரி கேட்டது. மனசுக்கு நிறைவாக இருந்தது.

நவம்பர் 15

போன் வரவில்லை.

நவம்பர் 17

கார்த்திகை பிறந்தது. வாசலில் இரண்டு அகல் வைத்தேன். இந்த மாசம் முழுக்க வைக்க வேண்டும்.

போன் வரவில்லை. நல்லதுதான். பால் பொங்காமல் இருக்கிறது.

நவம்பர் 20

வேலை பற்றிய மெசேஜும் நின்றுவிட்டது. போன் கெட்டுப்போயிருக்குமோ என்று ருக்குமணியை விட்டு அடிக்கச் சொன்னேன். அடிக்கிறது.

எனக்குப் புரிந்துவிட்டது. இது பழனாத்தாள் மகள் வேலை. உள்ளே உட்கார்ந்துகொண்டு என் பெயரை மட்டும் எடுத்துவிட்டாள். தாய் வாயால் செய்ததை மகள் கம்ப்யூட்டரால் செய்கிறாள்.

தனசேகரன் கூப்பிட்டு, வீட்டுச் சொந்தக்காரரிடம் காலி செய்கிற விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடட்டுமா என்று கேட்டான். இரு என்றேன்.

நவம்பர் 24

இன்று நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

காலையில் குளித்து, அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி மூடி வைத்துவிட்டு மையத்துக்குப் போனேன். சண்டைக்கென்றே போனேன். படியேறும்போதே என்னென்ன பேச வேண்டும் என்று வரிசையாக வைத்திருந்தேன்.

“ஏனுங் மேடம், என்ற பேர எடுத்துட்டீங்களா?” என்றேன்.

கோகிலவாணி நிமிர்ந்து பார்த்தாள். முகம் சோர்ந்து கிடந்தது. “உக்காருங்க பெரிம்மா. எதுக்குங்க எடுக்கறேன்?”

“எதுக்குன்னு உங்கம்மாளக் கேளுங்க.”

அவள் கம்ப்யூட்டரைத் தட்டினாள். பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தாள். “பெரிம்மா, உங்களுக்குத்தான் வேலை கெடச்சுப் போச்சே!”

“எனக்கா? எங்க?”

“நீங்களேதான் சொல்லியிருக்கறீங்க. பதினாலாந் தேதி, வெள்ளிக்கெழம, சாயங்காலம் ஆறு பதினெட்டு. ஒண்ணு அழுத்தியிருக்கறீங்க. வேலை கெடச்சவங்களுக்குத் தோழி அப்பறம் கூப்பிட மாட்டாளுங்க.”

“அட, வெளக்கு எரியறப்ப கேட்டா நான் வேற என்னத்த அழுத்தறது? ரெண்டையா அழுத்துவேன்?”

அவள் சிரித்துவிட்டாள். விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. மறுபடியும் கம்ப்யூட்டரைத் தட்டினாள். ஒவ்வொரு பெயராகப் படித்தாள். ருக்குமணி. தண்ணித்தொட்டித் தெரு வெங்கிட்டம்மாள். எங்கள் லைன் வீட்டு மயிலாத்தாள். இன்னும் ஏழெட்டுப் பேர். எல்லாம் சாயங்காலம். எல்லாம் ஒன்று.

“இவங்களுக்கெல்லாம் வேலை கெடச்சுதுங்களா பெரிம்மா?”

“வெங்கிட்டம்மா நேத்துக்கூட என்றகிட்ட வேலை கேட்டா. நானே வேலையத்துக் கெடக்கறேன், என்றகிட்டக் கேக்கறா!”

கோகிலவாணி கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். அப்புறம்தான் சொன்னாள். சென்னையில் எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷமாம். வேறு எந்த ஊரிலும் இவ்வளவு பேருக்கு வேலை கிடைக்கவில்லையாம். தோழியே இத்தனை பேருக்கு வேலை வாங்கிக் கொடுக்கும்போது மேசைக்கு ஒரு ஆள் எதற்கு என்று, ஜனவரியிலிருந்து இவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

“நானும் நம்பீட்டனுங்க. இந்த மெஷினு நம்மள விடக் கெட்டிக்காரின்னு” என்றாள்.

மூன்றாம் தேதி சென்னை அதிகாரி நேரில் வந்து, வேலை கிடைத்தவர்களைப் பார்க்கப் போகிறாராம். “மத்தியானம் மூணு மணிக்குத்தானுங்க. பட்டப்பகல். நீங்க நாலு பேரும் வந்து உள்ளத உள்ளபடி சொன்னாப் போதும்” என்றாள். “ஒரு ஹாஸ்டல்ல உங்களுக்காகப் பேசிக்கிட்டிருக்கறேன் பெரிம்மா. தோழி வழியாப் போனா வயசப் பாத்துத் தள்ளிருவாங்க. நானாப் பேசினாத்தான் உண்டு. நான் போயிட்டா...”

“யோசிக்கறேனுங்க” என்று எழுந்தேன்.

“எங்கம்மா மேல அப்படி என்னங்க கோவம்? இத்தன வருஷத்துல யாருமே எனக்குச் சொன்னதில்ல.”

நின்றபடியே சொன்னேன். மழை, டம்ளர், காய்ச்சல், இருட்டு வீடு, அந்தச் சொல். ஒன்றும் விடவில்லை.

அவள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒரு சொட்டு இருந்திருந்தா எங்கூட்ல வெளக்கு எரிஞ்சிருக்குமுங்களே, பெரிம்மா” என்றாள்.

வீட்டுக்கு வந்தேன். அரிசிம்பருப்புச் சோறு ஆறிப்போயிருந்தது. அப்படியே சாப்பிட்டேன். உப்பு கொஞ்சம் கூடுதல்.

நவம்பர் 25

மழை. எங்கும் போகவில்லை.

நவம்பர் 28

ருக்குமணியிடம் விஷயத்தைச் சொன்னேன். “அதுக்கென்னக்கா, மூணு மணிக்குத்தானே, வந்து சொல்லீட்டாப் போச்சு” என்றாள். வெங்கிட்டம்மாளும் மயிலாத்தாளும் சரி என்றார்கள். கோகிலவாணிக்காகப் போகிறோம் என்று நான் சொல்லவில்லை. ஹாஸ்டல் வேலை அவள் கையில் இருக்கிறது. அதற்காகத்தான் போகிறேன்.

டிசம்பர் 3

கார்த்திகை தீபம்.

மூன்று மணிக்கெல்லாம் நாங்கள் நாலு பேரும் போய் உட்கார்ந்துவிட்டோம். அதிகாரி வரவில்லை. விமானம் தாமதம் என்றாள் கோகிலவாணி. நாலு மணி. எல்லாருக்கும் டீ வந்தது. கோயமுத்தூரில் இறங்கிவிட்டார் என்றாள். ஐந்து மணி. வழியெல்லாம் நெரிசல் என்றாள். அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கீழே தெருவில் ஒவ்வொரு வாசலாக அகல் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். ருக்குமணி, “அக்கா, எங்கூட்ல வெளக்குப் பொருத்தோணும்” என்று எழுந்தாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

ரேஷன் கடை வாட்ச்மேன் சம்சாரம், நல்ல நாள் என்று மேலே வந்து ஜன்னல் திட்டில் ஒரு அகலைப் பொருத்தி வைத்துவிட்டுப் போனாள். அவள் படியிறங்குகிறாள், அதிகாரி படியேறுகிறார்.

நிரஞ்சன் என்று பெயர். சின்ன வயசு. காத்திருக்க வைத்ததற்கு எங்கள் நாலு பேரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டார். நல்ல வளர்ப்பு. மடியில் பலகை மாதிரி ஒரு கம்ப்யூட்டர். அதில் எங்கள் பெயர்கள் எல்லாம் பச்சைப் பச்சையாக இருந்தன.

முதலில் ருக்குமணியைக் கேட்டார். “இப்ப எங்கம்மா வேலை பாக்கறீங்க?”

ருக்குமணி அகலைப் பார்த்தாள். “நல்லா இருக்கறனுங்க சார்.”

“சந்தோஷம். எந்தக் கம்பெனி?”

“எல்லாக் கம்பெனியும் நல்ல கம்பெனிதானுங்க.”

“உங்களுக்கு வேலை இருக்கா, இல்லையாம்மா?”

“வருமுங்க. வராம எங்க போகுது.”

வெங்கிட்டம்மாள், “ஆண்டவன் கொறை வெக்கலீங்க” என்றாள். மயிலாத்தாள் அதுகூடச் சொல்லவில்லை, கும்பிட்டாள். அதிகாரி கோகிலவாணியைப் பார்த்து, “மேடம், வேலை கிடைக்கலன்னு இவங்க யாருமே சொல்லலையே” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

இந்நேரத்தில் அந்தச் சொல்லைச் சொல்லச் சொல்லி எங்களைக் கோகிலவாணி எப்படிக் கேட்பாள்? அவளும் இந்த ஊர்க்காரிதானே. என்னை மட்டும் ஒரு தடவை பார்த்தாள். அவள் அம்மா வாசலில் நான் டம்ளரோடு நின்றபோது, பின்னால் இருட்டிலிருந்து ஒரு குழந்தை தலையை நீட்டிப் பார்த்தது. அந்தப் பார்வையும் எனக்கு மறக்கவில்லை.

எழுந்தேன். முட்டி படக்கென்று சத்தம் போட்டது.

“சார், நான் சொல்றனுங்க. ஆனா வெளக்கப் பாத்துக்கிட்டுச் சொல்ல முடியாது” என்று அகலுக்கு முதுகைக் காட்டி, கதவுப் பக்கம் திரும்பி நின்றேன்.

“எனக்கு வேலை இல்லைங்க.”

பின்னால் ருக்குமணி, “அய்யோ, அக்கா!” என்றாள்.

“ருக்குமணிக்கு இல்லைங்க. வெங்கிட்டம்மாளுக்கு இல்லைங்க. மயிலாத்தாளுக்கு இல்லைங்க. சின்னக்கிணத்துச் சந்து பொன்னம்மாளுக்கு இல்லைங்க. அவ மருமக சாந்தாமணிக்கும் இல்லைங்க.” அன்று கோகிலவாணி கம்ப்யூட்டரில் படித்த பெயர் அத்தனையும் எனக்கு மனசில் இருந்தது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். இந்நேரத்துச் சொல் என்ன செய்யும் என்று அனுபவித்தவள் நான். தீபத்தன்று அந்தத் தரித்திரத்தை நானே கூப்பிட்டு வாசலில் நிறுத்திக்கொள்கிறேன். ஓசூர் மாடி வீடும் சாத்திய கதவும் கண் முன்னே வந்தன. இருந்தாலும் கடைசிப் பெயர் வரைக்கும் சொல்லி முடித்தேன்.

“அப்ப ஏம்மா எல்லாரும் ஒன்னை அழுத்தினீங்க?”

“பொழுதோட ஆறேகாலுக்குக் கேட்டா ஒண்ணுதானுங்க வரும். காலைல பத்து மணிக்குக் கேட்டுப் பாருங்க.”

அவர் பலகையைக் கவிழ்த்து வைத்தார். “எங்க வீட்லயும் சாயங்காலம் உப்பு தீர்ந்தா அம்மா தீர்ந்துச்சுன்னு சொல்ல மாட்டாங்க” என்றார். “எனக்கு ஏன் இது தோணவே இல்ல?”

“எனக்குந்தானுங்க சார் தோணல” என்றாள் கோகிலவாணி. “நானும் தெனம் சாயங்காலம் வெளக்கு வெக்கறவதான்.”

படியிறங்கும்போது ருக்குமணி என்னைத் தொடாமல் வந்தாள். வீட்டு வாசல் வந்ததும், “உள்ள போறதுக்கு முன்னால கால் கழுவிக்கக்கா” என்று ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

தெருவெல்லாம் அகல். கடைசி வீட்டுத் திண்ணையிலும் ஐந்து எரிந்துகொண்டிருந்தது. பழனாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து கையால் தடவித் தடவி எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 4

தலைவலி. சொன்ன சொல் எந்தப் பக்கத்திலிருந்து வருமோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் வரவில்லை. பூனை வந்தது.

டிசம்பர் 8

காலை பத்து மணிக்குப் போன். “வணக்கம் நாச்சம்மாள் அவர்களே.”

இரண்டை அழுத்தினேன். “கவலைப்பட வேண்டாம், தொடர்ந்து முயல்வோம்” என்றாள். அவளுக்கென்ன கவலை.

ஆனாலும் குரலைக் கேட்டு ரொம்ப நாள் ஆகிவிட்டது.

டிசம்பர் 12

கோகிலவாணி வீட்டுக்கே வந்தாள். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டு ஆள் என் நிலைப்படி தாண்டியது இதுதான் முதல் தடவை. பகல் நேரம், தோஷமில்லை. காப்பி கொடுத்தேன்.

காலையில் கேட்க ஆரம்பித்ததும் பச்சையெல்லாம் சிவப்பாகிவிட்டதாம். சென்னையில் முகம் வாடிவிட்டதாம். இருந்தாலும் அந்த நிரஞ்சன் நின்று பேசியிருக்கிறார். தோழியும் இருக்கட்டும், மேசைக்கு ஆளும் இருக்கட்டும் என்று முடிவு. ஒன்று அழுத்துகிற ஒவ்வொருவரையும் கோகிலவாணி கூப்பிட்டோ நேரில் பார்த்தோ உறுதி செய்ய வேண்டும். ஒரு வருஷத்துக்கு அவளுக்கு வேலை உண்டு. அப்புறம் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.

“அந்த ஹாஸ்டல்?” என்று கேட்டேன்.

“பனியன் கம்பெனில வேலை பாக்கற ஒடிசாப் பொண்ணுங்க தங்கியிருக்கற எடமுங்க. அவங்களப் பாத்துக்க ஆளு வேணும்னு மொதல்ல சொன்னதே தோழிதான். ஆனா டிகிரி படிச்சிருக்கோணும், நாப்பத்தஞ்சுக்குள்ள இருக்கோணும்னு போட்டிருந்தாங்க. அப்படி மூணு பேரு வந்து மூணு பேரும் நிக்கல. ‘அந்தப் புள்ளைங்களுக்குக் காய்ச்சல் வந்தாப் பக்கத்துல உக்கார ஒரு ஆளு வேணுமா, சர்டிபிகேட் வேணுமா?’ன்னு கேட்டேன். உங்களக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கறாங்க.”

“கீழ்த்தளமா?”

“கீழ்த்தளந்தானுங்க பெரிம்மா.”

“செரி கண்ணு” என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

டிசம்பர் 16

ஹாஸ்டல் அம்மாவைப் பார்த்தேன். மார்கழி பிறந்துவிட்டதே, நல்ல காரியம் எப்படித் தொடங்குவது என்று நினைத்தேன். அவர்களுக்கு அதெல்லாம் இல்லை. அடுத்த திங்களிலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள். யோசித்துப் பார்த்து நானும் விட்டுவிட்டேன். தீபத்தன்று சொன்ன சொல்லுக்கே ஒன்றும் ஆகவில்லை.

தனசேகரனுக்குச் சொன்னேன். “செரிங்கம்மா, பேச்சு பேச்சுத்தான்” என்றான். அப்புறம், “இனி ஞாயித்துக்கெழமையும் புதன்கெழமையும் தவறாமக் கூப்படறேன்” என்றான். யார் கேட்டார்கள்? ஆனால் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 22

முதல் நாள். சாவிக்கொத்து கொடுத்தார்கள். பிள்ளைகள் எல்லாம் என் பேத்தி வயசு. ஒருத்தி பெயர் ஜுனு. சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டு அழுதாள். ஊர் ஞாபகமாம்.

தமிழில் சொன்னால் ஒடியாவில் சொல்கிற ஒரு வித்தையைப் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறாள் கோகிலவாணி. பரவாயில்லை. ஆனால் திட்டினால் அதை மரியாதையாக மாற்றிச் சொல்கிறது போல. குழாயை மூடாமல் போனதற்கு நல்லா நாலு போட்டேன். போன் ஏதோ சொன்னது. ஜுனு என்னைக் கும்பிட்டாள்.

இனி திட்டுவதை நானே நேரில் திட்டிக்கொள்வேன்.

டிசம்பர் 30

காலை பத்து மணிக்குத் தோழி கூப்பிட்டாள். பிள்ளைகள் வேலைக்குப் போயிருந்தார்கள். வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தேன்.

“உங்களுக்கு வேலை கிடைத்துவிட்டதா?”

போன வாரமே கேட்டாள். அப்போது ஏதோ வேலையாக இருந்தேன், அழுத்தவில்லை. அழுத்திவிட்டால் அப்புறம் கூப்பிட மாட்டாள். இன்றைக்கு ஒன்றை அழுத்தினேன். பட்டப்பகலில், விளக்கு எதுவும் எரியாதபோது, உள்ளதை உள்ளபடி. “வாழ்த்துகள்” என்றாள். “நீயும் நல்லா இரு” என்று சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

சாயங்காலம் ஹாஸ்டல் சாமி படத்துக்கு விளக்கைப் பொருத்தினேன். போன் அடித்தது. ஒரு நிமிஷம் தோழிதானோ என்று நினைத்துவிட்டேன். கோகிலவாணி.

“பெரிம்மா, ஒண்ணு அழுத்தியிருக்கறீங்க. நெசமான்னு நான் கேட்டு எழுதோணுமுங்க.”

“நெசந்தான் கண்ணு. சாவிக்கொத்து இடுப்புல தொங்குது, சத்தம் கேக்குதா?” ஆட்டிக் காட்டினேன்.

சிரித்தாள். வைத்துவிடுவாள் என்று பார்த்தேன். வைக்கவில்லை.

“பெரிம்மா, அம்மா பக்கத்துல உக்காந்திருக்கறாங்க. ஒண்ணு கேக்கச் சொல்றாங்க. ‘நாச்சக்காளுக்கு என்ற மேல இன்னும் கோவமா?’ன்னு.”

விளக்கு நின்று எரிந்தது. திரியைத் தூண்ட வேண்டிய தேவைகூட இல்லை. நன்றாகத்தான் எரிந்தது.

“வெளக்கு வெக்கற நேரம் கண்ணு. தீபத்தன்னைக்குச் சொன்னதே ஆயுசுக்கும் போதும். இந்நேரத்துல அந்த வார்த்தைய மறுபடியும் என்ற வாயில வரவெக்காத. காலைல கேக்கச் சொல்லு.”

கோகிலவாணி அம்மாவுக்கு மெதுவாக எடுத்துச் சொல்வது கேட்டது. “செரிங் பெரிம்மா” என்றாள்.

காலையில் பத்து மணிக்குப் பழனாத்தாள் கூப்பிடுவாள். கூப்பிடாவிட்டால் அதையும் இங்கே எழுதி வைப்பேன்.